அச்சத்தின் நிறம்

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத் திருவிழாவுக்குப் போகும் வழியில், வேலிக் கம்பொன்றில் தலை சிவந்து, முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பிராணி. "அந்தா பச்சோந்தி!" என்று பிள்ளைகள் கூவினார்கள். கல்லைத் தேடிக் குனிந்தான் ஒருவன். அது பச்சோந்தி அல்ல, ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்கு அப்படித்தான் தலையும் கழுத்தும் சிவக்கும். ஆளின் இரத்தத்தை உறிஞ்சியதால் சிவந்தது என்ற கதையை நம்பி எத்தனை ஓணான்களைக் கொன்றிருப்போம்!

மெய்யான பச்சோந்தியைக் கண்டவர்கள் நம்மில் குறைவு. மலைநாடு இறங்கி முடிந்தபின் விரியும் வறண்ட வலயத்துப் பற்றைக்காடுகள்தான் இலங்கையில் அதன் வீடு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வாழ்ந்தாலும், 1768இல் வியன்னாவைச் சேர்ந்த லோரென்டி இதற்கு இட்ட விஞ்ஞானப் பெயர் 'ஸெய்லானிகஸ்', அதாவது இலங்கைக்குரியது. உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகஸ்காரில் இருக்கின்றன. நமக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

ஓணான் ஓடும். பச்சோந்திக்கு ஓடத் தெரியாது. ஓரடி வைக்கும், முன்னும் பின்னும் ஆடும், பிறகு அடுத்த அடி. காற்றில் அசையும் இலை என்றே பார்ப்பவர் நினைப்பார். இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் மறுபக்கமாகப் பிரிந்த பாதம், குறடு போலக் கொப்பைக் கவ்வும். வால் ஐந்தாவது கை. பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும், இதற்கு முளைக்காது. கூம்பு போல் துருத்திய கண்கள் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுழலும். பூச்சியைக் கண்டதும் இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். அடுத்த கணம், உடல் நீளத்தையும் மிஞ்சும் நாக்கு பாய்ந்து, பூச்சியை ஒட்டிக்கொண்டு வாய்க்குள் திரும்பிவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். எனக்கு ஆற்றாமை இங்கேதான். சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், நீலத்தில் விட்டால் நீலமாகும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். கட்சி மாறுகிறவரைத் திட்டவும் இந்தப் பெயரைத்தான் எடுக்கிறோம். பச்சோந்தி துணியைப் பார்த்து நிறம் மாற்றுவதில்லை. குளிர்ந்த காலையில் வெயிலை வாங்க உடலைக் கருக்க வைக்கும். இரவில் உறங்கும்போது வெளிறிக் கிடக்கும். போட்டி ஆணைக் கண்டால் ஒரு கோலம், பெண்ணைக் கண்டால் இன்னொன்று. 2015இல் ஜெனீவா விஞ்ஞானிகள் மடகஸ்கார் இனம் ஒன்றில் இதன் சூட்சுமத்தைக் கண்டார்கள். தோலில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன. தோலின் மஞ்சளோடு அது சேர, நமக்குப் பச்சை தெரிகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் மேலெழுகின்றன.

ஆகவே, கையில் பிடித்து வண்ணத் துணிகளில் மாற்றி மாற்றி விட்டுக் கைபேசியில் படம் எடுக்கிறவர்கள் காண்பது வித்தையை அல்ல, அந்தச் சீவனின் அச்சத்தை. உடலை ஊதி, வாயைப் பிளந்து சீறுவதும் அதனால்தான். அதற்கு விஷம் கிடையாது. பிடிபட்ட பிராணி தின்ன மறுத்து மெலிந்து சாவதை ஒருமுறை கண்ட பிறகு, அத்தகைய காணொளி எதையும் என்னால் பார்க்க முடிவதில்லை.

பெண் பச்சோந்திக்கு ஆபத்து இரட்டிப்பு. முட்டையிட அது மரத்தைவிட்டு இறங்கியாக வேண்டும். மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பும்வரை அதன் பச்சையும் ஆட்டமும் அதற்கு உதவாது. வழியில் தெரு இருந்தால் அந்த நடைக்கு எந்த வாகனமும் காத்திருக்காது. வயிறு பெருத்து மெதுவாகப் போவது அதுதான் என்பதால், ஆட்கள் கையிலும் அதுவே எளிதில் அகப்படும்.

மாத்தளை மாவட்டத்திலேயே இன்னொரு எச்சரிக்கை இருக்கிறது. நக்கிள்ஸ் மலைக்காட்டில் வாழும் குள்ள ஓணான் பச்சோந்தி இனமல்ல. ஆனால் அதைப் போலவே மெல்ல நடக்கும், வாலால் கொப்பைச் சுற்றும், நிறம் மாறும். முட்டையிடாமல் குட்டி போடும். தனி இனமென்று 2006இல்தான் விவரிக்கப்பட்டது. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் ஜெனீவா மாநாட்டில், பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முதலாம் பின்னிணைப்பில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. காரணம், வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தை. பெயரிட்டுப் பதின்மூன்று ஆண்டுகளில் இந்த நிலை. வளர்ப்பதால் ஊர்வனமீது அன்பு பெருகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரேயொரு மலைத்தொடரில் மட்டும் வாழும் ஓர் உயிரின்மேல் அந்த அன்பைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

தம்புள்ளை கடந்து வடக்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருவில் இலையொன்று ஆடி ஆடிக் கடப்பதைக் கண்டால் வாகனத்தை நிறுத்துங்கள். படம் எடுக்க விரும்பினால் தள்ளி நின்று எடுங்கள், இடத்தின் பெயரை எங்கும் போடாதீர்கள். கையில் எடுக்க வேண்டாம். அது கடந்து முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.