ஒசாகா கோட்டை: எது அசல்?

ஒசாகா கோட்டைக் கோபுரத்துக்குள்ள லிஃப்ட் இருக்கு. அதைப் பார்த்ததும் "கான்கிரீட் டூப்ளிகேட்தானே!" என்று உதட்டைப் பிதுக்குறவங்க உண்டு. ஆனா வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேற.

டொயோடோமி ஹிதேயோஷி 1583-ல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1615 போரில் அவர் வம்சத்தோடு கோட்டையும் அழிந்தது. வென்ற டோக்குகாவா ஆட்சியினர் 1620 முதல், பழைய கற்சுவர்கள் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, புதுக் கோட்டை எழுப்பினாங்க. புதைந்த சுவர் 1959-ல் நடந்த ஆய்வில்தான் தென்பட்டது. டோக்குகாவா கோபுரமும் 1665-ல் இடி விழுந்து எரிந்துபோச்சு.

அதுக்கப்புறம் 266 வருஷம் கோபுரமே கிடையாது. 1931-ல் மக்கள் நன்கொடையில் எழுந்ததுதான் இன்றைய கோபுரம். பழைய ஓவியத் திரை ஒன்றைப் பார்த்து ஹிதேயோஷி கோபுரம் மாதிரி வடிவமைச்சாங்க. அது நிற்கிற கல்மேடையோ அவர் எதிரிகள் கட்டியது!

பழசுதான் வேணும்னா வளாகத்தைச் சுற்றிப் பாருங்க. 1620-ல் கட்டிய சென்கன் காவல்மாடம் இன்னும் நிற்குது. அகழியோரச் சுவர்களைக் கட்டித் தந்தது டோக்குகாவாவுக்கு அடங்கிய சிற்றரசர்கள். யார் கொண்டுவந்த கல் என்று தெரிய, அவங்கவங்க செதுக்கிய அடையாளங்களை இன்னைக்கும் பார்க்கலாம். சகுரா வாயிலுக்குள்ள இருக்கிற 'ஆக்டோபஸ் கல்' மட்டும் 100 டன்னுக்கு மேல இருக்கும்னு கணிக்கிறாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ஹிதேயோஷியின் மரக் கோபுரம் நின்றது சுமார் 30 வருஷம். டோக்குகாவாவுடையது சுமார் 40. 'டூப்ளிகேட்' கோபுரமோ 1945 குண்டுவீச்சையும் தாண்டி 90 வருஷத்துக்கு மேல நிற்குது. 1997-ல் ஜப்பான் அரசு அந்தக் கான்கிரீட் கட்டடத்தையே பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.