புழங்குகிற தண்ணீரும் தண்ணீர்தான்

நம் வீடுகளில் தண்ணீர் எப்போதும் இரண்டு. குடிக்கிற தண்ணீர், புழங்குகிற தண்ணீர். குடிக்கிறது மூடி போட்ட குடத்தில் சமையலறை மேடையில் இருக்கும். புழங்குகிறது போரிலிருந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏறி, குளியலறைக்கும் துவைக்கிற கல்லுக்கும் இறங்கி ஓடும். கவலையெல்லாம் முதல் தண்ணீரைப் பற்றித்தான். “புழங்கத்தானே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டாவதைப் பற்றிய பேச்சு முடிந்துபோகும்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக முடியாது. பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், காரைக்காடு என்று வரிசையாகச் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்கள். பக்கத்தில் உப்பனாறு, அதற்கப்பால் கடல். நடுவில் மருந்தும் சாயமும் பிளாஸ்டிக் மூலப்பொருளும் செய்கிற ஆலைகள். 2025 ஜூலை 8-ஆம் தேதி பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தபோதுதான் செம்மங்குப்பம் என்ற பெயரையே வெளியூர்க்காரர்கள் பலர் கேட்டிருப்பார்கள். காற்றும் தண்ணீரும் கெட்ட வருத்தம் இந்த வட்டாரத்துக்கு அதைவிட ஒரு தலைமுறை மூத்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசமாக மாசடைந்த பகுதி. கடலூருக்குக் கிடைத்தது 77.45, நாட்டிலேயே 16-ஆவது இடம். 2025 மே மாதம் குடிகாட்டில் சாய ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, விடியும் முன்பே வீடுகளுக்குள் வெள்ளமாகப் புகுந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் வீடு முழுவதற்கும் வாட்டர் ஃபில்டர் போட நினைக்கிறவருக்கு யார் வழி சொல்வது? பெரும்பாலும் வாசலில் வந்து நிற்கிற விற்பனையாளர்தான்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தம்பி வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் டம்ளரில் செம்மண்ணைக் கரைத்தது போல அழுக்கு திரண்டு மிதந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. “அம்மா, இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிருக்கீங்க” என்றார். என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, பேரப் பிள்ளைக்கும் இதைத்தானே தம்பி கொடுத்தேன்” என்றாள்.

“உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு இன்னொரு தடவை செய்யுங்க தம்பி” என்றேன். தயங்கினார், ஆனாலும் செய்தார். அதுவும் செம்மண் நிறமாகிவிட்டது. திரண்டது தண்ணீரின் அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். உப்பை நீக்கிய தண்ணீரில் மின்சாரம் மிகக் குறைவாகத்தான் பாயும். ஒரு பாட்டியைப் பயமுறுத்தி விற்கிற இந்த வித்தையை நம் ஊர்களில் எத்தனை வீடுகள் நம்பியிருக்கும் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

அவர் பையில் டி.டி.எஸ். மீட்டரும் இருந்தது. அது பொய் சொல்லாது. ஆனால் அதற்குத் தெரிந்தது கரைந்த உப்பு ஒன்றுதான். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. கடலோர போர்களில் எண் எகிறுவது சகஜம். கிருமி இருந்தாலும், ஆலைகளில் புழங்கும் பென்சீன் போன்ற கரைப்பான் கலந்திருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. 200 காட்டுகிற தண்ணீரிலும் விஷம் இருக்கலாம்.

இங்கேதான் ‘புழங்கத்தானே’ என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஈயம், ஆர்சனிக் போன்றவை முக்கியமாக வாய் வழியாகத்தான் உடம்புக்குள் போகும். குளித்தால் தோல் வழியே போவது மிகக் குறைவு. கரைப்பான்கள் அப்படி இல்லை. வெந்நீரில் குளிக்கும்போது ஆவியோடு எழுந்து, கதவு சாத்திய குளியலறையில் மூச்சோடு உள்ளே போகும். சமையலறையில் ஆயிரம் ஃபில்டர் மாட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

அதற்காக வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கிறது. நாளைக்கு 500 லிட்டர் புழங்குகிற குடும்பம் ஆயிரத்துக்கும் மேல் சாக்கடையில் விடும். அந்தக் கழிவில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். மண்ணில் இறங்கி மறுபடி நம் போருக்கே வரும். ஆர்.ஓ.வைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மொத்த வீட்டுக்கும் டேங்குக்கு முன்னால் மணல் ஃபில்டர், துருவாடை இருந்தால் இரும்பு நீக்கும் ஃபில்டர், அதன் பின் கரி ஃபில்டர். வாளியில் வெள்ளைப் படலம் கட்டி, சோப்பு நுரைக்காமல் இருந்தால் சாஃப்ட்னர். சாஃப்ட்னர் கடினத்தைத்தான் போக்கும், உப்புக் கரிப்பைப் போக்காது. சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். கரி நிறைந்துவிட்டால் எந்த அடையாளமும் காட்டாது. மாற்றிய தேதியை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் ஆய்வகம் இருக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தருகிற பாட்டிலில்தான் பிடிக்கலாம். வழக்கமான சோதனையில் உப்பு, கடினம், இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு வந்துவிடும். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கன உலோகத்தையும் கரைப்பான்களையும் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். அவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களும் உண்டு. கரைப்பானுக்குக் கண்ணாடி பாட்டில், அதுவும் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பியது. மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்து ஒருமுறை பார்த்தால்தான் நிலத்தடி நீரின் குணம் தெரியும்.

அறிக்கையில் கரைப்பான் அளவுக்கு மேல் என்று வந்தால் நான் எந்த ஃபில்டரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த போரை நிறுத்தச் சொல்வேன். கரி எவ்வளவு காலம் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து அளக்க நம்மால் ஆகாது. தவறு செய்யாத குடும்பம் மாதா மாதம் செலவழித்துத் தன் கிணற்றைக் கழுவிக்கொண்டிருப்பதும் நியாயமே இல்லை. வீராணம் ஏரி இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம். சிப்காட் ஊர்களின் ஒவ்வொரு வீட்டுக்கும் குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் துவைக்கவும் போதுமான நல்ல தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர முடியாதா?

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். நாலு வீட்டு அறிக்கைகளைச் சேர்த்து அங்கே எடுத்துப் போங்கள். எண்களை உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.