கட்டடக் கொண்டாட்டமும் மக்கள் உடைமையும்

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் 2006 முதல் நடைபெற்றுவரும் நவீனத்துவ வாரத்தில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த செல்வர்தம் இல்லங்களைக் கட்டணஞ் செலுத்திக் கண்டு களிப்பர். அங்கு வடிவமே நுகர்பொருளாகின்றது.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய கொண்டாட்டத்தை நாம் நினைப்பின், முதலிற் கருதவேண்டியது பொதுசன நூலகமாகும். 1933 இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி பொதுமக்கள் ஆதரவால் வளர்ந்தது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிட மரபைத் தழுவி வரைந்த கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; சுவடிகளும் எரிந்தன. கட்டடம் பின்னர் பழைய வடிவில் மீண்டெழுந்தது, சுவடிகள் மீளவில்லை. ஆகவே, வடிவத்தை மட்டும் போற்றுதல் போதாது. அதனை ஆக்கிய மக்களையும் அதன் பயனையும் சேர்த்தே நாம் மதிப்பிடல் வேண்டும்.