பேச ஓர் இடம்: குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உளவியல் ஆலோசனை

பிடிவாதம், சோம்பல், வயதுக்கோளாறு, செல்லம் கொடுத்ததன் விளைவு. பிள்ளைகளின் நடத்தையில் மாறுதல் தென்படும்போது நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் பெரும்பாலும் இவையே. பல்வலி என்றால் அன்று மாலையே மருத்துவரைத் தேடிப் போகிறோம். கலகலப்பாக இருந்த பிள்ளை மூன்று மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கிறோம். பல சமயங்களில் சரியாகியும் விடுகிறது. சரியாகாதபோது, காத்திருந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டியுள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் ஏறத்தாழ மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். அந்த மூவருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் துணை நிற்பவர்களே குழந்தை உளவியல் ஆலோசகர்கள். அவர்கள் யார், என்ன செய்கிறார்கள், அவர்களை எப்படி அணுகுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே சொல், வெவ்வேறு தொழில்கள்

‘கவுன்சலிங்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்குப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். உளவியல் துறையிலும் அச்சொல் பலரைக் குறிக்கிறது. ஆகவே யார் எவர் என்று அறிந்துகொள்வது நல்லது.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் பெற்றவர். இவர்களுள் மருந்து எழுதித் தரும் தகுதி உடையவர் அவரே. மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனை சார்ந்த தொழில்முறைப் பயிற்சியும் பெற்றவர். உளவியல் சோதனைகளை நடத்திக் குறைபாட்டை மதிப்பிடுவதும், பேச்சு வழியாகச் சிகிச்சை அளிப்பதும் அவர் பணி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் அவர்களுக்குப் பதிவு எண் வழங்கி வந்திருக்கிறது. மனநல சமூகப் பணியாளர், நோயைக் குடும்பச் சூழலோடும் பொருளாதார நிலையோடும் சேர்த்துப் பார்ப்பவர். பள்ளி ஆலோசகர், மாணவர்களின் அன்றாடச் சிக்கல்களை முதலில் கண்டறிந்து, தேவைப்பட்டால் மேற்சொன்னவர்களிடம் அனுப்பி வைப்பவர்.

சில வாரங்களே நடைபெறும் இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. எனவே முதல் சந்திப்பிலேயே படிப்பு, பதிவு எண், குழந்தைகளோடு பணியாற்றிய அனுபவம் ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. தகுதியுடையவர் எவரும் அக்கேள்வியால் வருந்துவதில்லை. ‘இத்தனை நாளில் குணப்படுத்துகிறேன்’ என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கை தேவை.

அறைக்குள் என்ன நடக்கிறது?

ஆலோசகர் அறிவுரை கூறுவார் என்ற எதிர்பார்ப்போடுதான் பெற்றோர் பலர் வருகின்றனர். அறிவுரைக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. ஆலோசகர் முதலில் செய்வது கேட்பது. முதல் சில அமர்வுகள், பிள்ளையின் வளர்ச்சி, உறக்கம், உணவு, படிப்பு, நண்பர்கள், வீட்டுச் சூழல் ஆகியவற்றை அறிந்துகொள்வதிலேயே கழியும். ஓர் அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும்.

சிறு குழந்தைகளால் தம் துயரத்தைச் சொற்களில் வடிக்க இயலாது. ஆகவே பொம்மைகள், மணல் தட்டு, வண்ணப் பென்சில்கள் ஆகியவை அங்கே மொழியாகின்றன. பொம்மை வீட்டில் அப்பா பொம்மையை எப்போதும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் குழந்தை, சொல்லத் தெரியாத ஒன்றைக் காட்டக்கூடும். ஒரே விளையாட்டைக் கொண்டு ஆலோசகர் முடிவுக்கு வந்துவிடுவதில்லை. பல அமர்வுகளில் திரும்பத் திரும்ப வருவதையே கவனத்தில் கொள்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் காலைதோறும் வயிற்றுவலி. எல்லாப் பரிசோதனைகளிலும் குறை ஏதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலி வருவதில்லை. ‘பொய் சொல்கிறான்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அவன் வலி பொய்யன்று. அச்சம் வயிற்றில் வலியாக வெளிப்படுவது மருத்துவம் அறிந்த உண்மை. விசாரித்தால், வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொல்லும் பாடவேளையே அவனது அச்சத்தின் ஊற்று என்பது தெரியவரலாம். மேலும் சோதித்தால் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் கற்றல் குறைபாடு இருப்பது புலப்படலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் பெற்ற மாணவருக்குச் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத உதவியாளரும் கிடைக்கும். ‘பொய்யன்’ என்று அழைக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு சிறுவன், உதவி பெறும் மாணவனாகிறான். வேறுபாடு முழுவதும், அவனை யார் எப்போது கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

வளரிளம் பருவத்தினரிடம் உரையாடலே கருவி. ‘நான் தோற்றால் எல்லாம் முடிந்தது’ என்ற எண்ணம் எப்படி அச்சமாகி, அச்சம் எப்படிப் புத்தகத்தைத் திறக்கவிடாமல் செய்து, அதனாலேயே தோல்வி நெருங்கி வருகிறது என்ற சங்கிலியை அவர்களோடு அமர்ந்து வரைந்து பார்க்கிறார் ஆலோசகர். எந்தக் கண்ணியை முதலில் தளர்த்தலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

குடும்பமும் சேர்ந்து வரும் சிகிச்சை

இந்தியாவில் இத்துறை குடும்பத்தை விட்டு விலகி வளரவில்லை. 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்து நிற்கும் கல்விக்கூடம், 1937இலேயே குழந்தை வழிகாட்டு மையம் ஒன்றை ஏற்படுத்தியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். நோயாளியை ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு நேர்மாறான இம்முறை, உலக மனநல வரலாற்றில் இடம் பெற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றி வந்திருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகரோடும், எஞ்சிய நேரமெல்லாம் வீட்டோடும் பள்ளியோடும் இருக்கும் பிள்ளை, ஆலோசகரால் மட்டுமே மாறிவிட முடியாது. ஆகவே பெற்றோருக்கும் அமர்வுகள் உண்டு. குற்றம் காண்பதற்காக அல்ல. கோபம் மூளும் தருணத்தை முன்கூட்டியே அறிவது, நல்ல நடத்தையைக் கண்ட அக்கணமே பாராட்டுவது, தாயும் தந்தையும் பாட்டியும் ஆளுக்கொரு விதி விதிக்காமல் ஒரே சொல்லில் நிற்பது ஆகியவை பயிற்சியால் வருபவை. கணவன் மனைவி பூசலில் பிள்ளை தூது போகும் வீடுகளில், அந்தத் தூதிலிருந்து பிள்ளையை விடுவிப்பதே சிகிச்சையின் முதல் படி.

இரகசியம் என்னும் வைப்பு

‘கட்டணம் செலுத்துவது நாங்கள். பிள்ளை என்ன சொன்னான் என்பதை எங்களிடம் சொல்ல வேண்டாமா?’ என்ற கேள்வி இயல்பானது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வங்கி பிறரிடம் பகிராது என்ற நம்பிக்கையின்மீதே வங்கித்தொழில் நிற்கிறது. தான் சொன்னது அன்றிரவே உணவு மேசைக்கு வராது என்ற நம்பிக்கையில்தான் ஒரு பிள்ளையும் வாய் திறக்கும். ஆகவே எதைப் பெற்றோரிடம் பகிர்வது, எதைப் பகிராமல் காப்பது என்பதை நல்ல ஆலோசகர் முதல் நாளிலேயே மூவருக்கும் விளக்கிவிடுவார். பொதுவான முன்னேற்றம் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்.

விலக்குகளும் உண்டு. பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் ஆலோசகர் மௌனம் காக்கமாட்டார். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பத்து வயது நிரம்பிய சிறுவர் சிறுமியர் தாமாகவே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே வழிகாட்டியது. ஆனால் மனநலச் சிகிச்சையில், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி 18 வயது வரை பாதுகாவலரே பிள்ளையின் பிரதிநிதி. பிள்ளை உதவி நாடினாலும் வாசலைத் திறக்க வேண்டியவர் பெற்றோர். அவர்களது தயக்கத்தின் விலையைப் பிள்ளையே செலுத்த நேர்கிறது.

கட்டிய பணமும் பிள்ளையின் மனமும்

பணத்தைப் பற்றிய பேச்சுக்கு ஆலோசனை அறையிலும் இடம் உண்டு. பயிற்சி மையக் கட்டணம், விடுதிச் செலவு, அதற்கென அடகு வைத்த நகை ஆகியவற்றின் கணக்கைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள். ‘உனக்காக எவ்வளவு செலவழித்திருக்கிறோம்’ என்ற ஒரு வாக்கியம், ‘என்னால் முடியவில்லை’ என்ற வாக்கியத்தைப் பிள்ளையின் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறது.

பயிற்சி மையங்களுக்கென மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. 16 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கலாகாது. மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை கிடைக்க வழிசெய்ய வேண்டும். இடையில் விலகும் மாணவருக்கு எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அவை கூறுகின்றன. முழுத் தொகையையும் முன்கூட்டிச் செலுத்துவதற்கு முன், இந்நெறிகள் தங்கள் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளனவா என்று விசாரிப்பதும், திருப்பித் தரும் விதிமுறையை எழுத்தில் பெறுவதும் நலம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தியது. கட்டிய பணம் போனால் மீண்டும் ஈட்டலாம் என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது, சிகிச்சைக்கு முன்பே கிடைக்கும் முதல் மருந்து.

செலவும் காப்பீடும்

உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதைப் பின்பற்றுமாறு நிறுவனங்களைப் பணித்தது. ஆயினும் ஆலோசனை பெரும்பாலும் புறநோயாளிச் சேவை. உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே இழப்பீடு தரும் பாலிசிகளில் அதற்கு இடமிருக்காது. பாலிசியைப் புதுப்பிக்கும் முன், புறநோயாளிச் சேவையும் உளவியல் சிகிச்சையும் அடங்குமா என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுதல் நன்று. ஆலோசகரிடமும், எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம், எப்போது முன்னேற்றத்தை மறுபரிசீலனை செய்வோம் என்று தொடக்கத்திலேயே கேட்கலாம்.

எங்கே தொடங்குவது?

கட்டணம் இல்லாத வழிகளும் உள்ளன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். துன்பத்தில் இருக்கும் சிறுவர்களுக்கான 1098 என்ற எண்ணும் இலவசமே. 2014இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவ நலத்திட்டத்தின் கீழ், 10 முதல் 19 வயதினருக்கான ஆலோசனை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சி.பி.எஸ்.இ. வாரியம் 1998 முதல் தேர்வுக்கால ஆலோசனை வழங்கி வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளை அணுகுவதும் எளிது.

உறக்கமும் பசியும் மாறுதல், விரும்பிய விளையாட்டில் நாட்டமின்மை, நண்பர்களிடமிருந்து விலகல், காரணமற்ற எரிச்சல், மதிப்பெண்களில் திடீர்ச் சரிவு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவியை நாடலாம். சாவைப் பற்றிய பேச்சோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட தடயமோ தென்பட்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. அதைப் பற்றி நேரடியாகக் கேட்டால் பிள்ளையின் மனத்தில் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அமைதியாகக் கேட்பது பிள்ளைக்கு ஆறுதலாகவே அமையும்.

பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துச் செல்வது, வளர்ப்பில் தோற்றுவிட்டதற்கான ஒப்புதல் அன்று. படிப்புக்கும் திருமணத்துக்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே சேமிக்கத் தொடங்கும் பெற்றோர் நம் வாசகர்கள். அந்த முன்யோசனையில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் மனநலத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இன்று மாலை, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல், ‘இந்த வாரம் எப்படிப் போயிற்று?’ என்று கேட்டுவிட்டு, விடை வரும் வரை காத்திருந்து பாருங்கள்.