கணிப்பொறியின் சிட்டை

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

நம் செட்டிநாட்டு மக்களுக்குக் கணக்கு எழுதுவது புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் பெருமக்கள், கடல் கடந்த கிட்டங்கிகளில் அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே எழுதி வைத்தனர். சிட்டையில் எழுதியது பேரேட்டில் ஏறும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுக்கப்படும். ஊரில் இருந்த முதலாளி, ரங்கூன் கடையை நேரில் காணாமலே அங்கு நடப்பதை அறிந்துகொண்டது இவ்வேடுகளின் துணையால்தான். இதே பழக்கத்தைக் கணிப்பொறியும் கைக்கொண்டுள்ளது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அந்த ஏடு எத்தகையது, அதைப் படிப்பதற்கு ஒரு சிறு கருவியை எவ்வாறு உருவாக்கலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பதிவேடு என்றால் என்ன?

கணிப்பொறியை இயக்கியது முதல் நிறுத்தும் வரை அதனுள் எண்ணற்ற நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. ஒருவர் உள்ளே நுழைகிறார். ஒரு கடவுச்சொல் தவறாகிறது. அச்சுப்பொறியில் தாள் தீர்கிறது. வட்டில் இடம் குறைகிறது. இவற்றை எல்லாம் கணிப்பொறி நேரத்துடன் வரி வரியாக எழுதி வைக்கிறது. இதனை ஆங்கிலத்தில் 'லாக்' என்பர். லாக் என்றால் மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பல் நாட்களில் மாலுமிகள், முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவர். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவர். அதைக் குறித்து வைத்த ஏட்டிற்குக் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. அப்பெயர்தான் கணிப்பொறிக்கும் வந்தது.

1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர், 'சென்ட்மெயில்' என்ற அஞ்சல் நிரலுக்காகச் 'சிஸ்லாக்' என்னும் பதிவு முறையை உருவாக்கினார். பிற நிரல்களும் அதனைப் பின்பற்றின. 2001ஆம் ஆண்டில் அம்முறை ஓர் ஆவணமாக எழுதப்பட்டது; 2009இல் திருத்திய விதிமுறை வெளிவந்தது.

இம்முறையில் ஒரு செய்தியின் அவசரத்தைக் குறிக்க 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உள்ளன. 0 என்றால் கணிப்பொறியே பயன்படாத நிலை, 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரல் எழுதுவோருக்கு மட்டும் உதவும் நுண்குறிப்பு. எண் சிறியதானால் ஆபத்து பெரியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். செய்தி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதற்கும் 0 முதல் 23 வரை எண்கள் உண்டு. பகுதி எண்ணை 8ஆல் பெருக்கி, அவசர எண்ணைக் கூட்டி, ஒரே எண்ணாக அனுப்புவர். எடுத்துக்காட்டாக, 34 என்ற எண் வருகிறது எனக் கொள்வோம். 8ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. பகுதி 4 என்பது பாதுகாப்பு. அவசரம் 2 என்பது நெருக்கடி. நம் பாடநூலில் உள்ள யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம் இங்கே நாள்தோறும் வேலை செய்வதைக் காணும்போது வியப்பாக இருக்கிறதல்லவா?

கருவி எதற்கு?

ஏடு இருந்தால் போதாது, படிப்பவர் வேண்டும். ஒரு கணிப்பொறி ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதிவிடும். அவற்றுள் பெரும்பாலானவை, 'எல்லாம் நலம்' என்னும் செய்திகளே. நலமில்லை என்று கூறும் ஒரு வரி அவற்றின் நடுவே மறைந்து கிடக்கும். அதைக் கண்டெடுத்துத் தருவதே கருவியின் வேலை.

இத்தகைய கருவிகளைப் பெரும்பாலும் கட்டளை வரியில் இயங்குமாறு அமைக்கின்றனர். கட்டளை வரியில் படங்களும் பொத்தான்களும் இல்லை; நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் விடையும் எழுத்தாகவே வரும். தொலைவிலுள்ள கணிப்பொறியையும், பழைய கணிப்பொறியையும் இவ்வாறு எளிதில் பார்வையிடலாம். மேலும், ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்புவது போல் அனுப்பலாம். 'யூனிக்ஸ்' இயங்குதளத்தில் 1973ஆம் ஆண்டிலேயே இவ்வசதி வந்துவிட்டது. சொல்லைத் தேடும் 'கிரெப்' என்ற கட்டளையைக் கென் தாம்சன் எழுதியதும் அக்காலத்தில்தான். சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் தளத்திலும் இக்கட்டளைகள் உள்ளன.

நாங்கள் எங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் பைத்தான் மொழியில் இத்தகைய ஒரு சிறு கருவியை எழுதி வருகிறோம். அதற்குச் 'சிட்டை' என்றே பெயரிட்டோம். அதன் வேலையை நான்கு படிகளாகப் பிரித்துள்ளோம்.

முதற்படி, படித்தல். முழு ஏட்டையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றினால் கணிப்பொறி திணறும். ஆகவே அளவுகோலை வைத்து வரி வரியாகப் பேரேடு படிப்பது போல, ஒரு வரியைப் படித்து முடித்த பின்னரே அடுத்த வரியை எடுக்கிறோம்.

இரண்டாம் படி, பிரித்தல். 'ஜூன் 12, 9 மணி 14 நிமிடம், ஏழாம் கணிப்பொறி, உள்நுழைவு, கடவுச்சொல் தவறு' என்ற வரியை நேரம், கணிப்பொறி, நிரல், செய்தி என நான்கு கூறுகளாக்குகிறோம். இங்கு ஒரு வேடிக்கை உண்டு. பழைய சிஸ்லாக் முறையில் மாதமும் தேதியும் இருக்கும், ஆண்டு இராது! ஆண்டில்லாத கணக்கை நம் ஊர்க் கணக்குப் பிள்ளை எவரும் ஏற்றிருக்க மாட்டார். டிசம்பர் 31க்குப் பின் ஜனவரி 1 வரும்போது, எது முந்தியது என்பதை நிரலே சிந்தித்து முடிவு செய்ய வேண்டியுள்ளது. 2009இன் விதிமுறையில் ஆண்டும் சேர்க்கப்பட்டது.

மூன்றாம் படி, சலித்தல். 'மூன்றும் அதற்குக் கீழும்' எனக் கட்டளையிட்டால், பிழையும் அதனினும் கடுமையானவையும் மட்டும் திரையில் வரும். நான்காம் படி, காட்டுதல். பிழைகளைச் சிவப்பிலும் எச்சரிக்கைகளை மஞ்சளிலும் காட்டுகிறோம். ஒரே செய்தி நாற்பது முறை வந்தால், அதை ஒரே வரியாக்கி, 'நாற்பது முறை' என எழுதுகிறோம்.

ஒரு விதியை மட்டும் நாங்கள் மாற்றுவதே இல்லை. எங்கள் கருவி ஏட்டைப் படிக்கும். ஓர் எழுத்தையும் திருத்தாது, அழிக்காது. அடித்துத் திருத்திய கணக்கை யார் நம்புவர்?

எழுபத்தைந்து காசு காட்டிய கள்வன்

இவ்வேடுகளைப் படிப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 1986ஆம் ஆண்டு பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நடந்த உண்மை நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை கூறும். கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரத்திற்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியல் அறிஞரான கிளிஃபர்ட் ஸ்டோல் அதைச் சரிபார்க்கப் பணிக்கப்பட்டார். அற்பத் தொகைதானே என்று அவர் விட்டுவிடவில்லை. யாரோ ஒருவர் அனுமதியின்றி உள்ளே நுழைகிறார் என்பதைக் கண்டார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும், அவர் கண்ணுக்குத் தெரியாத அச்சுப்பொறிகளில் பதிவு செய்தார். காகிதத்தில் அச்சானதை அந்நியரால் அழிக்க முடியாதல்லவா? பல மாத உழைப்பிற்குப் பின், அவர் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருந்துகொண்டு அமெரிக்க இராணுவச் செய்திகளைத் தேடியவர் என்பது வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் இதன் தேவை உணரப்பட்டுள்ளது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்தது. இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' அதனைச் செப்டம்பர் 4 அன்று கவனித்துத் தெரிவித்தது என்று அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியே இருந்ததால் அதற்கு ஊறு நேரவில்லை. பின்னர் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணையில், பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும், ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும், எல்லாக் கணிப்பொறிகளின் கடிகாரங்களும் அரசு நேரத்துடன் ஒத்திருக்க வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. கடிகாரங்கள் ஒத்திராவிட்டால், இரண்டு ஏடுகளை ஒப்பிட்டு எது முன், எது பின் என்று எவ்வாறு கூற இயலும்?

காவலும் கண்ணியமும்

நிற்க. பள்ளிக் கணிப்பொறியில் நம் மதிப்பெண்கள் உள்ளன. பெற்றோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளன. அவற்றைக் காக்க ஏட்டைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஏட்டில், யார் எந்நேரம் வந்தார், எத்தனை முறை கடவுச்சொல்லை மறந்தார் என்பனவும் இருக்கும். ஒரு தோழியை ஏளனம் செய்வதற்கு அது கருவியாகலாம். ஆகையால் எங்கள் சிட்டையில் பயனர் பெயர்களுக்குப் பதில் எண்களே தோன்றுமாறு செய்துள்ளோம். பெயரைக் காண வேண்டிய தேவை எழுந்தால், ஆய்வகப் பொறுப்பாசிரியை மட்டுமே காண முடியும். வீட்டைக் காக்கும் காவலாளி, வீட்டிலுள்ளோரின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதில்லையே!

அன்புத் தோழியரே, இக்கருவியை எழுத விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. வகுத்தல் கணக்கும், பொறுமையும், ஒரு சாதாரணக் கணிப்பொறியும் போதும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும் பொறுப்புடன் படிக்கப்படும் ஏடு நிச்சயம் காவலுக்கு உதவும். கணக்கில் சிறு தொகை உதைத்தாலும் விளக்கேற்றி வைத்துத் தேடிய முன்னோரின் மண்ணில் பிறந்த நாம், திரையில் தோன்றும் ஒரு சிவப்பு வரியையும் அலட்சியமாகக் கடந்து செல்லாதிருப்போமாக.