ஓலை அசையாத காலையிலும் பலூன் ஏன் பறப்பதில்லை?

ஜனவரி பிறந்தால் எங்கள் பொள்ளாச்சிக்கு வெப்பக்காற்றுப் பலூன்கள் வந்துவிடும். 2015இல் தொடங்கிய திருவிழா. விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து, பறக்க முடியாமல் நின்ற என் மச்சான் ஒருமுறை எரிச்சலோடு கேட்டார்: "தென்னை ஓலைகூட அசையலையே மாப்ளே, எதுக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க?"

பதில் தலைக்கு மேலே சில நூறு அடியில் இருந்தது. இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, படுத்துவிடும். மேலே ஓடும் காற்றுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. வெயில் ஏறியதும் இரண்டும் கலந்து, மேலே இருந்த வேகம் தரைக்கு வந்துவிடும். கிளம்பும்போது சாதுவாக இருந்த காற்று, இறங்கும்போது கூடையைக் காட்டில் தரதரவென்று இழுத்துப்போகும்.

மேலே காற்று எப்படி ஓடுகிறதென்று கண்டுபிடிக்க விமானிகள் ஒரு சின்ன பலூனில் ஹீலியம் அடைத்துப் பறக்க விடுகிறார்கள். இருட்டாக இருந்தால் அதில் குட்டி விளக்கு ஒன்றைக் கட்டுவதுண்டு. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நேராக ஏறியது ஓர் உயரத்தில் சட்டென்று மேற்கே ஓடினால், அங்கே காற்று பலமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு மேற்கு என்றால் பாலக்காட்டுக் கணவாய். இந்த மாதங்களில் கீழைக்காற்று அந்த இடுக்கு வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் கேரளத்துக்குள் போகும். 2025 திருவிழாவில் ஒரு பலூன் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் போய் இறங்கியது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், வேண்டிய திசையில் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறதென்று தேடிப் பிடிக்கலாம். அவ்வளவுதான். அதனால் தரைக்காற்று மணிக்கு 15, 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலும் கிளம்பமாட்டார்கள். பைக்கில் போகிற நமக்கு அது ஒரு வேகமே இல்லை!

உச்சிவெயிலில் பறக்காததற்குக் காரணம் வேறு. சூடேறிய தரையிலிருந்து வெப்பக்காற்று குபுகுபுவென்று கிளம்பிப் பலூனைத் தூக்கிப்போடும். இன்னொரு கணக்கும் உண்டு: வெளியே 20 டிகிரி, உள்ளே 100 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 250 கிராம் தூக்கும். வெளியே 35 டிகிரியானால் அது 200 கிராமாகிவிடும்.

ஆனால் எனக்குக் காற்றைவிட மூடுபனிதான் பயம். 2016 ஜூலை 30 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸில் லாக்ஹார்ட் ஊருக்கு அருகே, பனியும் தாழ்ந்த மேகமும் இருந்தும் ஒரு பலூன் கிளம்பியது. இறங்கும்போது மின்கம்பியில் மோதி, அதில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். அந்த வானிலையில் கிளம்பிய முடிவையே விசாரணை அறிக்கை குறை சொன்னது.

டிக்கெட் வாங்குமுன், வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். திருப்பித் தராத இடத்தில் பயணிகளே "கிளப்புங்க சார்" என்று விமானியை நெருக்குவார்கள். பறந்துவிட்டால், தரை தொடும்போது முட்டியை மடக்கி, கூடைக்குள் இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். விமானி சொல்லும்வரை இறங்க வேண்டாம். ஒருவர் குதித்தாலும் எடை குறைந்து, மிச்சம் இருப்பவர்களோடு பலூன் மறுபடி எழும்பிவிடும்.