மாநிலங்களின் வரிப் போட்டி கடன் சுமையாக மாறுவது எப்படி?

ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வாகன ஓட்டிகள் பலர், எல்லையைத் தாண்டி பஞ்சாபுக்குச் சென்று பெட்ரோல் நிரப்புவது பல ஆண்டுகளாக வழக்கமாக உள்ளது. இரு மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரி விகிதங்கள் வேறுபடுவதே இதற்கு முக்கியக் காரணம். ஒரு மாநிலத்தின் வரி முடிவு அண்டை மாநிலத்தின் வருவாயையும் பாதிக்கும் என்பதற்கு இது எளிய சான்று.

இழப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

இரு அண்டை மாநிலங்களில் தலா ரூ.1,000 கோடிக்கு ஒரு பொருள் விற்பனையாவதாகவும், இரண்டும் 20 சதவீத வரி விதிப்பதாகவும் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ரூ.200 கோடி கிடைக்கும். முதல் மாநிலம் வரியை 15 சதவீதமாகக் குறைத்து, அண்டை மாநிலத்திலிருந்து ரூ.400 கோடி விற்பனையை ஈர்த்தால், அதன் வருவாய் ரூ.210 கோடியாக உயரும். மற்றதன் வருவாய் ரூ.120 கோடியாகச் சரியும். இழந்ததை மீட்க அதுவும் வரியைக் குறைத்தால் வணிகம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இரண்டுக்கும் தலா ரூ.150 கோடி மட்டுமே மிஞ்சும்.

வருவாய் குறைந்தாலும் ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகிய செலவுகள் குறைவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப அரசுகள் கடன் வாங்குகின்றன. மத்திய அரசுக்குக் கடன்பட்டுள்ள மாநிலம், புதிய கடன் பெற அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். கடன் உச்சவரம்பு பொதுவாக மாநில உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தை ஒட்டி நிர்ணயிக்கப்படுகிறது. வரம்பை எட்டியதும் சாலை, மருத்துவமனை, பாசனம் போன்ற மூலதனப் பணிகள் தள்ளிப்போகின்றன. அல்லது மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களின் பெயரில் பட்ஜெட்டுக்கு வெளியே கடன் பெறப்படுகிறது. இத்தகைய கடனையும் மாநிலத்தின் கணக்கில் சேர்க்கும் நடைமுறையை 2022-23 முதல் மத்திய அரசு கடைப்பிடிக்கிறது.

போட்டியைத் தடுக்கும் முயற்சிகள்

1990-களில் தொழிற்சாலைகளை ஈர்க்க மாநிலங்கள் போட்டிபோட்டு விற்பனை வரிச் சலுகைகளை அறிவித்தன. இதைக் கட்டுப்படுத்த, அப்போதைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா கூட்டிய மாநாட்டில் முதலமைச்சர்கள் உடன்பட்டனர். அதன்படி 2000 ஜனவரி 1 முதல் சீரான குறைந்தபட்ச விற்பனை வரி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. 2005 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரியும், 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டியும் அறிமுகமாயின. பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை மாநிலங்கள் தனித்துக் குறைக்கும் வாய்ப்பு இதனால் முடிவுக்கு வந்தது. பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், மதுபானம், முத்திரைத்தாள் கட்டணம், மோட்டார் வாகன வரி போன்றவற்றில் அவற்றின் அதிகாரம் தொடர்கிறது.

மாறிய வடிவம்

வரி விகிதத்தில் முடியாத போட்டி இப்போது மானியத்தில் நடைபெறுகிறது. முதலீடு செய்யும் நிறுவனம் செலுத்தும் மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது, மூலதன மானியம் வழங்குவது, மலிவு விலையில் நிலம், மின்சாரம் அளிப்பது என உறுதிமொழிகள் நீள்கின்றன. இவை பல ஆண்டுகளுக்கு நீடிக்கும் பொறுப்புகள். ஆனால் அறிவிக்கும் ஆண்டில் கடனாகக் கணக்கில் வருவதில்லை.

இத்தகைய பொறுப்புகள் பிற்காலத்தில் எவ்வளவு சிக்கலாகும் என்பதை மேற்கு வங்கம் காட்டுகிறது. 1993 முதல் அறிவிக்கப்பட்ட தொழில் ஊக்கத் திட்டங்களை ரத்து செய்து அம்மாநிலம் 2025-இல் சட்டம் இயற்றியது. வரவேண்டிய தொகை கிடைக்காத நிறுவனங்கள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகின.

கடன் நிலவரம்

வரிப் போட்டி ஒன்றே கடனுக்குக் காரணமல்ல. பொருளாதார மந்தம், மின்வாரிய இழப்பு, நலத்திட்டச் செலவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. புதிய தொழில்கள் உண்மையாகவே உருவானால் சலுகைக்கான செலவு ஈடாகவும் கூடும். எனினும் சமாளிக்கும் இடம் குறைவு. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, மாநிலங்களின் மொத்தக் கடன் 2021 மார்ச் இறுதியில் நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 31 சதவீதமாக இருந்தது. பின்னர் 28 சதவீத அளவுக்குக் குறைந்தது. 2017-இல் என்.கே. சிங் தலைமையிலான குழு பரிந்துரைத்த வரம்பு 20 சதவீதம்.

எனவே, ஒரு மாநிலம் முதலீட்டு ஒப்பந்தத்தை அறிவிக்கும்போது, எத்தனை ஆயிரம் கோடி வருகிறது என்பதுடன், எத்தனை ஆண்டுகளுக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதும் வெளியிடப்பட வேண்டும். அந்தத் தொகையை இறுதியில் செலுத்தப்போவது அம்மாநில மக்களே.